மின்மினியைப் பௌர்ணமியில் காட்டாதீர்கள்

கோலாலம்பூருக்கு ஆட்களைக் கூட்டிப் போகும் தமிழ்நாட்டுச் சுற்றுலா ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். நான் திருச்சிக்காரி. இந்தத் தைப்பூசத்துக்கு உங்களில் ஒருவருடைய குழுவோடுதான் பத்துமலைக்குப் போனேன். யார் என்று சொல்லப் போவதில்லை, ஏனென்றால் சாப்பாடு, தங்குமிடம் எதிலும் குறை இல்லை, 272 படி ஏற முடியாமல் தவித்த பெரியவர்களை உங்கள் பையன்கள் பொறுமையாகக் கைபிடித்துக் கூட்டிப்போனார்கள். என் வருத்தமெல்லாம் மறுநாள் ராத்திரி காட்டிய மின்மினி பற்றித்தான்.

மின்மினி இருக்கும் ஆற்றங்கரை ஊரான கோலசிலாங்கூர் போக ஒன்றரை மணி நேரம். போனதும் புக்கிட் மெலாவத்தி குன்றில் குரங்குகளோடு ஒரு மணி நேரம் (சாம்பல் நிறத் தாயின் மடியில் குட்டி மட்டும் ஆரஞ்சு நிறத்தில் இருக்கிறது, அது தனி அதிசயம்), அப்புறம் மீன் சாப்பாட்டுக் கடையில் அதைவிட அதிக நேரம், ஒருவழியாக ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தபோது நிலா மேலே ஏறி, பக்கத்தில் இருப்பவரின் புடவைக் கரை வரை தெரிகிற வெளிச்சம். மோட்டார் படகில் இருபது பேர். பாதிப் பேர் செல்போனில் பிளாஷ் அடித்தார்கள். மரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஏதோ மினுங்கியது, பத்து நிமிடத்தில் படகு திரும்பிவிட்டது, "இன்னைக்குப் பூச்சி கம்மி" என்று சொல்லிவிட்டார் கூட வந்தவர்.

பூச்சி கம்மி இல்லை, ஐயா. தைப்பூசம் பௌர்ணமியை ஒட்டி வருகிறது என்பது நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த நிலவில் மின்மினியைக் காட்டப் பயணம் போட்டது யார்?

குழு ஊர் திரும்பியது, நான் கோலாலம்பூரிலேயே செந்தூலில் இருக்கும் அத்தை வீட்டில் தங்கிவிட்டேன். நடந்ததைச் சொன்னதும் அத்தை சிரித்துவிட்டு, சமையலறையில் தொங்கிய தேதி கிழிக்கும் காலண்டரைப் புரட்டிப் பார்த்து, "எட்டு நாள் பொறு" என்றார். எட்டாம் நாள் அத்தை மகன் காரில் அதே ஆற்றங்கரையில் இருக்கும் கம்போங் குவாந்தான் கிராமத்துக்குக் கூட்டிப்போனான். அங்கே நான்கு பேர் உட்காரும் சம்பான் என்கிற சின்னத் துடுப்புப் படகு, துடுப்புப் போடுகிற சத்தம் தவிர வேறு சத்தமில்லை. ஒரு வளைவு திரும்பியதும் கரையோர மரம் முழுக்க ஒரே நேரத்தில் எரிந்து, ஒரே நேரத்தில் அணைந்தது. எரிந்தது, அணைந்தது. நொடிக்கு மூன்று முறை. நம் ஊர் வயல்வரப்பில் மின்மினி ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு மினுங்கும், இங்கே யாரோ மரத்துக்குள் உட்கார்ந்து சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைப்பது மாதிரி இருக்கிறது. ஒன்று வந்து என் மிதவைச் சட்டையின் வாரில் உட்கார்ந்தது. ஒரு அரிசி மணி அளவுதான். மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன்.

அந்த மரத்துக்குப் பெயர் பெரெம்பாங், நம் பிச்சாவரத்தில் இருப்பது போன்ற அலையாத்தி வகை. அதன் இலையில் உட்கார்ந்து ஆண் பூச்சிகள் ஒன்றாக ஒளி விடுவது பெண்ணை அழைக்கத்தான். அந்தப் பேச்சு முழுக்க வெளிச்சத்திலேயே நடக்கிறது. அதற்கு நடுவில் நாம் பிளாஷ் அடிப்பது, இரண்டு பேர் ரகசியம் பேசும்போது காதருகே மேளம் அடிப்பது போல. புழுப்பருவம் கரையோர ஈரமண்ணில், குட்டி நத்தைகளைத் தின்று வளர்கிறது. கரையை வெட்டிக் கட்டடம் எழுப்பினாலும், விளக்குப் போட்டாலும் அடி அதற்குத்தான். அதையெல்லாம் நீங்கள் தடுக்க முடியாது, சரி. உங்கள் கையில் இருப்பதையாவது செய்யலாமே.

பௌர்ணமி கழிந்து நான்கைந்து நாள் ஆனால் நிலா எழுவதற்குள் ராத்திரி பதினொன்று ஆகிவிடும். அதிலிருந்து அமாவாசை தாண்டி நான்கைந்து நாள் வரை எட்டு, ஒன்பது மணிக்கு ஆற்றில் நல்ல இருட்டு. ஆக மாதத்தில் பாதி நாள் உங்களுக்குத் தோதுதான். பயணத் தேதி போடும்போது காலண்டரைப் பாருங்கள். தைப்பூசக் குழுவென்றால் மின்மினியை எடுத்துவிட்டு வேறு ஏதாவது காட்டுங்கள், யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். சாப்பாட்டைத் திரும்பி வந்து வைத்துக்கொள்ளலாம். கொசு மருந்தைப் படகில் அடிக்க விடாமல், வண்டியிலிருந்து இறங்கும்போதே தடவிக்கொள்ளச் சொல்லுங்கள். செல்போன் பற்றியும் வண்டியிலேயே தமிழில் சொல்லிவிடுங்கள். எங்கள் சம்பானுக்குப் பின்னால் வந்த படகில் யாரோ டார்ச் அடித்தபோது துடுப்புக்காரர் "லம்பு, லம்பு" (விளக்கு, விளக்கு) என்று கெஞ்சினார். மலாய் தெரியாத எனக்கே புரிந்தது, அடித்தவருக்குப் புரியவில்லை.

தீபாவளி விடுமுறைப் பயணத்துக்கு இப்போதே விளம்பரம் போட ஆரம்பித்துவிட்டீர்கள், பார்த்தேன். அது அமாவாசையை ஒட்டி வருவது, இதைவிட நல்ல நாள் கிடைக்காது. ஐப்பசியில் அங்கே சாயங்காலம் மழை பிடித்துக்கொள்ளும் என்கிறார் அத்தை, அதனால் ஒரு நாள் மாற்றி வைத்துக்கொள்ள இடம் விட்டுத் திட்டம் போடுங்கள். அப்படிப் போட்டால் எனக்கும் ஒரு சீட்டு வேண்டும், அம்மாவைக் கூட்டி வருகிறேன்.