ஏஐஎஸ் கருவி படகில் இருந்தால் மட்டும் போதாது

பந்தயக் குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் பாதுகாப்புப் பரிசோதகர்களுக்கும்,

வணக்கம். பந்தயத்தின் இரண்டாம் இரவு, மற்றொரு போட்டிப் படகு எங்கள் மேல் மோதும் அளவுக்கு நெருங்கி வந்தது உங்களுக்குத் தெரியும். எங்கள் புகார் மனுவும், எங்கள் ஏஐஎஸ் கருவியில் (நம் இருப்பிடத்தை வானொலி வழியே மற்றப் படகுகளுக்குச் சொல்லி, அவற்றின் இருப்பிடத்தை நம் திரையில் காட்டும் கருவி) பதிவான தடமும், எதிர்ப்படகின் ஸ்கிப்பர் (படகுத் தலைவர்) தானாகவே எழுதித் தந்த விளக்கமும் உங்களிடம் இருக்கின்றன. நீங்கள் அனுப்பிய பதில் சுருக்கமானது. விதிப்படி எதிர்ப்படகில் ஏஐஎஸ் கருவி இருந்தது, மோதல் நடக்கவில்லை, எனவே நடவடிக்கைக்கு இடமில்லை. அதைப் படித்த பிறகுதான் எல்லோரும் படிக்கும்படி இந்த மடலை எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். பந்தயம் தொடங்கும் நொடியிலிருந்து முடிவுக்கோட்டைக் கடக்கும் வரை ஒவ்வொரு படகின் ஏஐஎஸ் கருவியும் தன் இருப்பிடத்தை ஒலிபரப்பிக்கொண்டே இருக்க வேண்டும் என்று விதி எழுதுங்கள். படகில் கருவி 'இருக்க வேண்டும்' என்ற இப்போதைய விதி போதாது.

அன்று இரவு நிலா இல்லை. தம்பி மேல்தளத்தில் காவலில் இருந்தான், நான் கீழே படுத்திருந்தேன். நாங்கள் இருவர் மட்டுமே ஓட்டும் படகு. வலப்பக்கம் காற்றை வாங்கி, காற்றை எதிர்த்து 7 நாட் (மணிக்கு 7 கடல் மைல்) வேகத்தில் போய்க்கொண்டிருந்தோம். திரையில் இரண்டு சரக்குக் கப்பல்கள், இரண்டும் விலகிப் போகின்றன. வேறொன்றும் இல்லை. இருந்தாலும் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அவன் தாழ்ந்த பக்க விளிம்புக்குத் தவழ்ந்து போய், முன்பாயின் அடியில் தலையை நுழைத்துப் பார்ப்பான். அந்தப் பக்கத்துக் கடலை அந்தப் பாய் முழுக்க மறைத்துவிடும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்படிக் குனிந்தபோது அவன் கண்ணில் முதலில் பட்டது விளக்கு அல்ல, நுரை. ஒரு படகின் அணியம் (முன்முனை) கிழித்துத் தள்ளும் வெள்ளை நுரை. தலையைத் தூக்கிய பிறகுதான் பாய்மர உச்சியில் பச்சை விளக்கு தெரிந்தது.

"அக்கா!" என்று ஒரே ஒரு சத்தம். அதற்குள் சுக்கானைத் திருப்பிவிட்டான். நான் படுக்கையிலிருந்து எதிர்ச்சுவரில் போய் விழுந்தேன். மேலே ஏறித் தலையை நீட்டியபோது எங்கள் பாய்கள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. அந்தப் படகு எங்கள் அணியத்துக்கு முன்னால் கடந்து போனது. அதன் அமரத்தில் (பின்முனையில்) எழுதியிருந்த பெயரை என் நெற்றிவிளக்கில் எழுத்துக்கூட்டிப் படிக்க முடிந்தது. அவ்வளவு பக்கம்.

அவர்கள் இடப்பக்கம் காற்றை வாங்கி வந்தவர்கள். விதிப்படி அவர்கள்தான் விலக வேண்டும். ஆனால் எங்களை மறைத்தது அவர்களுடைய முன்பாய், அவர்களை மறைத்தது எங்களுடையது. எதிரெதிர்ப் பக்கம் காற்றை வாங்கி இரண்டு படகுகள் குறுக்கே வரும்போது, ஒன்று மற்றொன்றின் மறைவுப் பக்கத்திலேயே சரியாக வந்து நிற்கும். அதே 7 நாட் வேகத்தில் ஏறக்குறைய செங்குத்தாகக் குறுக்கிடும் இரண்டு படகுகள் 10 நாட் வேகத்தில் ஒன்றையொன்று நெருங்குகின்றன, நிமிடத்துக்கு 300 மீட்டர். 12 மீட்டருக்குக் குறைவான படகின் பக்க விளக்கு 1 கடல் மைல் தெரிந்தால் போதும் என்கிறது சர்வதேச மோதல் தடுப்பு விதி. பாய் மறைக்காவிட்டாலும் அது ஆறு நிமிடம்தான். எங்களுக்குக் கிடைத்தது சுமார் 12 வினாடி. பாய்மர உச்சியில் ஆன்டெனா வைத்த ஏஐஎஸ், 5 கடல் மைலில் அந்தப் படகைக் காட்டியிருந்தால் அரை மணி நேரம் கிடைத்திருக்கும். என்னைக் கூப்பிட்டு எழுப்பி, விஎச்எஃப் வானொலியில் அவர்களோடு பேசி, யார் விலகுவது என்று முடிவு செய்து, அப்புறம் டீயும் குடித்திருக்கலாம்.

அவர்களிடமும் கருவி இருந்தது. நல்ல கருவி. பின்னால் வரும் போட்டியாளர்கள் தங்கள் போக்கைப் பார்த்துப் பின்தொடர்கிறார்கள் என்று, அன்று மாலையே ஒலிபரப்பை மட்டும் நிறுத்தி வைத்திருந்தார்கள். எங்கள் கருவி தொடர்ந்து ஒலிபரப்பிக்கொண்டுதான் இருந்தது. நாங்கள் அவர்களைப் பார்ப்பதற்கு முன்பே அவர்கள் திரையில் எச்சரிக்கை வந்திருக்க வேண்டும். அந்த நேரம் யாரும் திரையைப் பார்க்கவில்லை என்று அந்தப் படகின் ஸ்கிப்பரே ஒப்புக்கொண்டார். கரைக்கு வந்ததும் நேரில் வந்து மன்னிப்புக் கேட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. உங்கள் விதி அதைத் தடுக்கவில்லை, அவர் செய்தார். என் வருத்தம் விதி எழுதியவர்கள் மேல்தான்.

அதற்குப் பிறகு நடந்ததை மனுவில் எழுதவில்லை, இங்கே சொல்கிறேன். இருவர் ஓட்டும் படகில் தூக்கம் என்பது அரை மணி, முக்கால் மணித் துண்டுகள். அந்தத் துண்டைத் தூங்க முடிவதே, ஏதாவது நெருங்கினால் கருவி கத்தும் என்ற நம்பிக்கையில்தான். அந்த நம்பிக்கை அன்று போய்விட்டது. முடிவுக்கோடு வரை 31 மணி நேரம் நாங்கள் இருவருமே தூங்கவில்லை. திரை காலியாக இருந்தால்தான் பயம் அதிகமாக இருந்தது. கடைசி இரவில் பாயைச் சுருக்க முன்தளத்துக்குப் போன தம்பி, பாதுகாப்புக் கயிற்றின் கொக்கியை மாட்டாமலே இரண்டு எட்டு வைத்துவிட்டான். பதினான்கு வருடமாகக் கடலில் இருப்பவன். நான் கத்திய பிறகு திரும்பி, கையிலிருந்த கொக்கியையே ஏதோ புதுப் பொருள் மாதிரிப் பார்த்தான். மோதல் நடக்கவில்லை என்று எழுதினீர்களே, அந்த வரியைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது அந்த முகம்தான்.

புறப்படும் முன் நீங்கள் எங்கள் படகைப் பரிசோதித்தீர்கள். ஃப்ளேர்களின் (அபாய ஒளிச்சுடர்களின்) காலாவதித் தேதியைப் பார்த்தீர்கள், லைஃப் ஜாக்கெட்டின் விளக்கை எரியவிட்டுப் பார்த்தீர்கள், பாதுகாப்புக் கயிற்றை அளந்தீர்கள், மிதவைப் படகின் சான்றிதழ், இபிர்ப் (ஆபத்தில் இருப்பிடத்தை அறிவிக்கும் கருவி) பதிவு என்று எதையும் விடவில்லை. அத்தனைக்கும் நன்றி. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஆபத்து வந்த பிறகு உயிரைக் காப்பவை. மோதலையே தடுக்கக்கூடிய கருவிக்கு வந்தபோது, "ஏஐஎஸ் இருக்கிறதா?" "இருக்கிறது." சரி என்று குறித்துக்கொண்டு போய்விட்டீர்கள். அதன் குரல் வெளியே கேட்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. விளம்பரதாரரின் ஸ்டிக்கர் சரியான இடத்தில் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று இரண்டு பேர் வந்து பார்த்தார்கள்.     

படகின் பாதுகாப்புக்கு அதன் பொறுப்பாளரே முழுப் பொறுப்பு என்று உலகப் பாய்மரப் படகு அமைப்பின் சிறப்பு விதிகள் சொல்கின்றன. உங்களில் ஒருவர் தொலைபேசியில் அதை எனக்கு நினைவூட்டினார். ஏற்றுக்கொள்கிறேன். என் படகுக்கு நான் பொறுப்பு. அடுத்த படகின் சுவிட்சுக்கு நான் எப்படிப் பொறுப்பாக முடியும்? அந்த சுவிட்சை அணைக்கக்கூடாது என்று சொல்லும் அதிகாரம் உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. சிறப்பு விதிகளைவிடக் கடுமையாகப் பந்தய அறிவிப்பில் எழுத உங்களுக்குத் தடை எதுவும் இல்லை.

ஏஐஎஸ் எல்லாவற்றையும் தடுத்துவிடாது என்பதும் எனக்குத் தெரியும். 2018 ஜனவரியில் ஹாங்காங் அருகே இரவில் வால்வோ ஓஷன் ரேஸ் என்ற பந்தயத்தின் படகு ஒன்று மீன்பிடிப் படகில் மோதி, ஒரு மீனவர் இறந்தார். 2021 ஜனவரியில் வாண்டே குளோப் என்ற உலகைச் சுற்றும் பந்தயத்தின் முடிவுக்கோட்டுக்கு 90 மைல் இருக்கும்போது ஜெர்மன் வீரர் போரிஸ் ஹெர்மான் மீன்பிடிப் படகில் மோதினார். படகில் இருந்த எச்சரிக்கைக் கருவிகள் எதுவும் ஒலிக்கவில்லை என்றார். கடலில் நம் கருவிக்குத் தெரியாதவர்கள் ஏற்கனவே நிறையப் பேர் இருக்கிறார்கள். நாமே, ஒரே பந்தயத்தில், ஒரே பாதையில் ஓடுகிறவர்களே, வேண்டுமென்றே அந்த எண்ணிக்கையைக் கூட்டலாமா?

1979 ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில் 15 பேரும், 1998 சிட்னி–ஹோபார்ட்டில் 6 பேரும் இறந்த பிறகுதான் எத்தனையோ பாதுகாப்பு விதிகள் இறுகின. இந்த ஒரு விதிக்கு யாரும் சாக வேண்டியதில்லை, காரணம் ஏற்கனவே உங்கள் கோப்பில் இருக்கிறது.

அடுத்த ஆண்டுப் பந்தய அறிவிப்பு வெளியாகும் முன் இதைச் சேர்த்துவிடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். வாசகம் வேண்டுமென்றால் இதோ: "தொடக்கம் முதல் முடிவு வரை எல்லாப் படகுகளும் ஏஐஎஸ் மூலம் தொடர்ந்து ஒலிபரப்ப வேண்டும். புறப்படும் முன் மற்றொரு கருவியில் அது சோதிக்கப்படும். வேண்டுமென்றே நிறுத்தியவருக்கு நேரத் தண்டனை உண்டு. பழுதானால் உடனே குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும்." சொற்களை நீங்கள் மாற்றிக்கொள்ளலாம். 'தொடர்ந்து' என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

பதிவுப் படிவம் இரண்டையும் நிரப்பி வைத்திருக்கிறோம். கையெழுத்து இன்னும் போடவில்லை. உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் பந்தயத்தில் தம்பியோடு ஐந்து முறை ஓடிய ஒரு ஸ்கிப்பர்