ஜி, பி, எல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மக்கள்தொகைப் பெருக்கம் பற்றிப் போன வாரம் நீங்கள் வெளியிட்ட வாசகர் கடிதத்தில் இரண்டு யோசனைகள் இருந்தன. இரண்டுக்கு மேல் பெற்றால் அபராதம் போட வேண்டும். தேறாத முதியவர்களை மெஷினில் இழுத்துப் பிடித்து வைக்கக் கூடாது, அவர்கள் பூமிக்குப் பாரம். பணிக்காலத்தின் முதல் பாதியைப் பிரசவ வார்டிலும் மறுபாதியைத் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் கழித்த செவிலி நான். இரண்டு யோசனையும் என் வாசலில் வந்து நிற்பதால் எழுதுகிறேன்.

பிரசவத்துக்கு வருகிறவரின் கேஸ் ஷீட்டில் முதலில் மூன்று எழுத்துகள் எழுதுவோம். ஜி என்றால் எத்தனையாவது கர்ப்பம், பி என்றால் எத்தனை பிரசவம், எல் என்றால் உயிரோடு இருக்கும் பிள்ளைகள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ‘ஜி 6, பி 5, எல் 3’ என்பது சாதாரணம். அப்படி ஒருத்தியிடம் “இன்னும் எத்தனை?” என்று வெடுக்கென்று கேட்டுவிட்டேன், இப்போது நினைத்தாலும் கூசுகிறது. பி-க்கும் எல்-லுக்கும் நடுவில் விழுந்த அந்த இரண்டைப் பற்றி அவள் சொன்னாள். ஒன்று வயிற்றுப்போக்கில், இன்னொன்று தட்டம்மையில். “இருக்கிற மூணுல எது தங்கும்னு யாருக்குத் தெரியும் சிஸ்டர்?” என்றாள். என் அம்மாவுக்கு யாராவது ஷீட் எழுதியிருந்தால் எட்டு, எட்டு, ஐந்து என்று எழுதியிருப்பார்கள்.

நான் அந்த வார்டை விட்டு மாறும்போது ‘ஜி 2, பி 1, எல் 1’ வழக்கமாகிவிட்டது. அபராதம் எதுவும் போடவில்லை. தடுப்பூசி வந்தது, உப்பு-சர்க்கரைக் கரைசல் வந்தது, பெண்கள் படித்தார்கள், கருத்தடை கைக்கு எட்டியது. 1990-ல் உலகில் ஆயிரம் குழந்தை பிறந்தால் 93 ஐந்து வயதுக்குள் இறந்தன. 2022-ல் அது 37. 1950 வாக்கில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஐந்து பிள்ளைகள்; இப்போது சுமார் 2.3.

அப்புறம் ஏன் 1974-ல் 400 கோடியாக இருந்த உலக மக்கள்தொகை 2022 நவம்பரில் 800 கோடி ஆனது? முன்பு நிறையப் பிறந்த பெண் பிள்ளைகள் வளர்ந்து தாயாகும் வயதுக்கு வந்துவிட்டார்கள். ஆளுக்கு இரண்டே பெற்றாலும் தொகை கொஞ்ச காலம் ஏறும். அடுப்பை அணைத்த பிறகும் பால் பொங்குவது மாதிரி. 2080-களின் மத்தியில் 1,030 கோடியைத் தொட்டுவிட்டு மெல்ல இறங்கும் என்பது ஐ.நா. மதிப்பீடு.

சீனா 1980 வாக்கில் ஒற்றைப் பிள்ளைக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2016-ல் இரண்டு, 2021-ல் மூன்று என்று தளர்த்தியும் 2022 முதல் அங்கே தொகை குறைகிறது. பெறாதே என்று மிரட்டியவர்கள் இப்போது பெறு என்று கெஞ்சுகிறார்கள். இரண்டு தடவையும் அந்தப் பெண்ணை யாரும் கேட்கவில்லை.

என் மகள் பிள்ளையே வேண்டாம் என்கிறாள். பூமியைக் காப்பாற்ற அல்ல, விருப்பமில்லை, அவ்வளவுதான். எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் அதைத் தியாகம் என்று யாராவது பாராட்டினால் என்னைவிட அவளுக்குத்தான் எரிச்சல் வருகிறது.

சரி, சாவுக்கு வருகிறேன். தொண்டையில் குழாய் போட்ட நோயாளி அதைப் பிடுங்கிவிடாமல் இருக்க, மணிக்கட்டைத் துணியால் கட்டில் கம்பியோடு கட்டுவோம். நானே கட்டியிருக்கிறேன். பெரியவர் ஒருவர், கட்டிய கையின் விரலால் என் உள்ளங்கையில் எதையோ எழுதிக்கொண்டே இருந்தார். ‘போதும்’ என்று எழுதுகிறார் என்பது மூன்றாவது நாள்தான் எனக்குப் பிடிபட்டது. வெளியே பிள்ளைகள் “இன்னும் ரெண்டு நாள் பார்க்கலாம்” என்றார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. அவருக்கு என்ன வேண்டும் என்று முன்பே பேசி வைத்திருக்கவில்லை.

அதனால்தான், தேற வழியில்லை என்று டாக்டர்கள் சொன்னால் எனக்குச் செயற்கை சுவாசம் வேண்டாம், வலிக்கு மருந்து போதும் என்று, புத்தி தெளிவாக இருக்கும்போதே சாட்சி வைத்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பூமியின் பாரம் குறையட்டும் என்று அல்ல. உலகில் வருடத்துக்குச் சுமார் 13 கோடிப் பிறப்பு, 6 கோடிச் சாவு. என் கடைசி மூன்று வாரம் அந்தக் கணக்கில் ஒரு புள்ளியைக்கூட நகர்த்தாது. அது என் தொண்டை, என் கை. ‘பாரம், பாரம்’ என்று காதில் விழுந்துகொண்டே இருந்தால் மனமில்லாத பெரியவர்களும் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். எனக்கு அந்தப் பயம்தான். கடைசி மூச்சு வரை எல்லா வைத்தியமும் வேண்டும் என்று ஒருவர் எழுதிக்கொடுத்தால் அந்தத் தாளுக்கும் இதே மரியாதை கிடைக்க வேண்டும்.

என் தாளின் நகல் மகளிடம் இருக்கிறது. பீரோவில் வைத்துப் பூட்டாதே என்று சொல்லியிருக்கிறேன். அந்த நேரத்தில் சாவி தேட முடியாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்