மூணாவது பந்து

கோவில்பட்டி,
ஞாயிறு.

அன்புள்ள தம்பிக்கு,

போன்ல பேசினா "சரிம்மா, சரிம்மா"ன்னு வச்சிடுற. அதான் எழுதுறேன். சித்தி மகளுக்கு நிச்சயம் ஆயிடுச்சு. கிணத்துல தண்ணி ஊறியிருக்கு. பெரியப்பா வழக்கம்போல.

போன செவ்வாய்க்கிழமை நீ மாடிப்படி ஏறிக்கிட்டே பேசின. ரெண்டாவது மாடியில நின்னுட்ட. என்னடான்னேன். "பை கனம்மா"ன்ன. மேல நான் கேக்கலை.

மழையில நனைஞ்சா தலையைத் துவட்டு. உன் ஸ்கேன் கவர் பீரோவுல அப்படியே இருக்கு, கடைசியா 2022 ஆடியில எடுத்தது. டாக்டர் சொன்னாரே, கொரோனா வைரஸ் போயிடும், நுரையீரல்ல அது விட்டுட்டுப்போற வடு சுட்ட தழும்பு மாதிரி, அதை அழிக்க மருந்து இல்லன்னு. வீக்கம் இருக்கிற இடம்தான் ஸ்டீராய்டுக்குக் கேக்குமாம். மிச்சம் அப்படியே நிக்குதா, பரவுதான்னு பாத்துக்கிட்டே இருக்கணும். பரவினா மெதுவாக்கத்தான் பிர்ஃபெனிடோன், நின்டெடனிப்னு மாத்திரை. ஸ்டேஷன் ரோட்டு வாத்தியாருக்குக் காரணமே தெரியாத தழும்பு. அவர் பிர்ஃபெனிடோன் சாப்பிடுறார். வெயில் பட்டா தோல் எரியுதுன்னு குடையில்லாம வாசல் தாண்ட மாட்டார். உனக்கு அதெல்லாம் வேணுமா வேண்டாமான்னு பாத்தாத்தானே தெரியும்?

2021 ஜூன்ல ஆஸ்பத்திரியில இருந்து வந்து மூச்சுப் பயிற்சிக்கு அந்த மூணு பந்து டப்பாவை உறிஞ்சினியே. முதல் நாள் 600னு போட்ட முதல் பந்தே பாதி ஏறி விழுந்துச்சு. தீபாவளிக்கு மொத நாள் 1200னு போட்ட மூணாவது பந்தும் உச்சியில போய் நின்னுச்சு. அடுப்புல எண்ணெயை விட்டுட்டு ஓடி வந்து பாத்தேன். என் பிள்ளை மாதிரி யாரு பாடுபடுவான்! அப்படிப்பட்டவன் ஒரு ஊதுற டெஸ்ட்டுக்கு அரை நாள் லீவு போட மாட்டேங்கிற. விரல்ல கிளிப் மாட்டி ஆறு நிமிஷம் நடக்க விடுவாங்க, அவ்வளவுதானே. ஃப்ளூ ஊசியும் கேட்டுப் போட்டுக்கோ. ரூமுக்குள்ள கொசுவர்த்தி வேண்டாம். தலையைத் துவட்டு.

அந்த ஸ்டீராய்டு விஷயம். நாலு மாத்திரையில ஆரம்பிச்சு வாரத்துக்கு ஒண்ணாக் குறைக்கச் சொன்னாங்க. உன் முகம் உப்பிப்போச்சு, சர்க்கரை ஏறிச்சு. பத்தாம் நாள் நான்தான் "போதும்டா"ன்னு அட்டையை வாங்கி அரிசிப் பானைக்குள்ள வச்சேன். அஞ்சு நாள்ல உனக்குத் திரும்ப மூச்சு வாங்கிச்சு. "யாரைக் கேட்டு நிறுத்தின?"ன்னு டாக்டர் அத்தனை பேர் முன்னாடி உன்னைச் சத்தம்போட்டார். "மறந்துட்டேன் சார்"ன்ன. நான் பக்கத்துலயே நின்னேன், வாயைத் திறக்கலை. இன்னிவரைக்கும் உன்கிட்டயும் பேசலை. அந்த வடுவுல எவ்வளவு வைரஸ் போட்டது, எவ்வளவு நான் போட்டதுன்னு ராத்திரி முழிச்சுக்கிட்டுக் கிடக்கேன்.

டாக்டர்கிட்ட போனா அந்தப் பேச்சு வரும்னுதான் நீ போகலையோ? இந்தத் தடவை நான் சொல்றேன். வியாழக்கிழமை முத்துநகர் ரயில்ல ஏறுறேன், வெள்ளி காலையில எழும்பூர். ஸ்கேன் கவர் என்கிட்ட இருக்கும். ஸ்டேஷனுக்கு வராதே, நானே வந்துடுவேன். கீழ இறங்கி நில்லு. மூணு மாடியும் உன்கூட ஏறணும்.

அம்மா