நட்டநடு எங்கள் பெரட்டுக்களம்தான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டின் நட்டநடு எது என்று எங்கள் சாப்பாட்டுக் கடையில் சில வாரங்களாக வழக்கு நடக்கிறது. ரயில் நிலையம் என்கிறது ஒரு கட்சி. சந்தை என்கிறது இன்னொன்று. ரயில் கட்சித் தலைவர் மேசையில் சிந்திய தே தாரிக்கில் விரலை நனைத்து ஊர்ப்படம் வரைந்தார். சந்தைக் கட்சிக்காரர் ரொட்டி சானாய்த் துண்டால் அந்தப் படத்தைத் துடைத்து வாயில் போட்டுக்கொண்டார்.

சிரிக்க வேண்டாம். அமெரிக்காவில் ரக்பி என்ற சிற்றூர், வட அமெரிக்காவின் நடுவிடம் தானே என்று 1932இல் கல் தூண் எழுப்பியது. அந்தப் பட்டத்தின் வணிகச் சின்னப் பதிவை அது புதுப்பிக்காமல் விட, அதே வடக்கு டகோட்டாவின் ராபின்சன் ஊர் மதுக்கடைக்காரர்கள் அதைத் தங்கள் பெயருக்குப் பதிந்துகொண்டார்கள். கள்ளுக்கடை யோசனை எந்த நாட்டிலும் ஒரே ரகம்தான் போலிருக்கிறது.

இன்னும் பழைய வழி ஒன்று உண்டு. 1918இல் அமெரிக்க நில அளவைத் துறையினர் அன்றைய 48 மாநிலங்களின் வடிவத்தை அட்டையில் வெட்டி, ஊசி போன்ற ஒரு முனையில் நிறுத்திப் பார்த்தார்கள். அது சாயாமல் நின்ற புள்ளி கான்சஸ் மாநிலத்தின் லெபனான் ஊருக்குப் பக்கத்தில் விழுந்தது. இதே வித்தையை சபா, சரவாக்கையும் சேர்த்து மலேசியாவுக்குச் செய்தால் புள்ளி தென்சீனக் கடலில் விழும். கல் நட மீனவர்களைத்தான் அழைக்க வேண்டும்.

ஆகவே கேள்வி ஊசியைப் பற்றியதல்ல, எல்லையைப் பற்றியது. கடைத்தெருவை மட்டும் வெட்டினால் நிலையமோ சந்தையோ வெல்லட்டும். சுற்றியுள்ள தோட்டங்களை ஏன் விடுகிறார்கள்? இந்தப் பட்டணத்துக்குச் சோறு போட்டதே பால்மரம் என்ற ரப்பர் மரம். லயம் என்ற தோட்டக் குடியிருப்பு வரிசையில் பிறந்த எங்களுக்கு நடுவிடம், வேலைக்கு ஆள் கூடும் திடலான பெரட்டுக்களம். விடியுமுன் கங்காணி ஆளைக் கூப்பிட, தோட்ட எழுத்தரான கிராணி செக்ரோல் என்ற ஆள் பதிவேட்டில் குறிக்க, அங்கிருந்துதான் ஒவ்வொரு மர நிரைக்கும் ஆள் பிரிந்து போனது. கோயில், ஆலை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயக்கொட்டகை எல்லாவற்றுக்கும் தூரம் சொன்னதும் அங்கிருந்துதான். இன்று அங்கே செம்பனை நிற்கிறது. பெரட்டு மணி தொங்கிய கம்பத்தின் அடிக்கட்டை மட்டும் புல்லுக்குள் இருக்கிறது.

தோட்டங்களும் அடங்கிய எல்லைப் படம் வைத்திருக்கும் வாசகர் யாராவது கடைக்கு எடுத்து வரட்டும். அட்டையும் ஊசியும் என் செலவு. கத்தரிக்கோல் மட்டும் என் கையில்தான் இருக்கும்.

முன்னாள் தோட்டக் கிராணி,
சுங்கை சிப்புட், பேராக்