'வால்-ஈ' பார்க்க வைத்த எல்லாருக்கும் நன்றி

நிபோங் திபால், பினாங்கு

எங்கள் தாமான் (குடியிருப்பு) மக்களுக்கு வணக்கம்.

சனிக்கிழமை இரவு பொது மண்டபத்தில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து 'வால்-ஈ' என்ற அனிமேஷன் படம் பார்த்தோம். அதற்குக் கைகொடுத்தவர்களுக்கு ஏற்பாட்டுக் குழு சார்பில் இந்த மடல்.

முதல் நன்றி குப்பை லோரி அண்ணன்மாருக்கு. வேலை முடிந்து, குளித்து, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தீர்கள். மனிதர்கள் விட்டுப்போய் 700 ஆண்டுகள் ஆன பூமியில், குப்பையை அமுக்கிக் கட்டியாக்கி, தனியாளாக அடுக்கிக்கொண்டிருக்கும் இயந்திரத்தின் கதை அது. அந்த வேலையின் அருமை உங்களைவிட யாருக்குத் தெரியும்? படம் முடிந்ததும் உங்களில் ஒருவர் மைக்கைப் பிடித்து, உடைந்த கண்ணாடியைச் சோற்றுக் குப்பையோடு கட்டிப் போட்டால் கை எப்படிக் கிழிகிறது என்று சொன்னார். பிள்ளைகள் வீட்டுக்குப் போய் அதையேதான் பேசினார்கள். எங்கள் வரிசையில் இப்போது கண்ணாடியைப் பழைய பேப்பரில் சுற்றித் தனியாக வைக்கிறார்கள்.

படத்தைத் தேர்ந்தெடுத்த தமிழ்ப்பள்ளி ஆசிரியைக்கு அடுத்த நன்றி. பாட்டிமாருக்கு ஆங்கிலம் வராது, சின்னப் பிள்ளைகளுக்குத் திரையில் ஓடும் எழுத்தைப் படிக்க வராது. 2008-இல் ஆண்ட்ரூ ஸ்டாண்டன் இயக்கிய இந்தப் படத்தின் முதல் பகுதியிலோ பேச்சே அபூர்வம். பென் பர்ட் உருவாக்கிய ஒலிகள்தான் கதை சொல்கின்றன. வால்-ஈ வைர மோதிரத்தை வீசிவிட்டு அதன் டப்பாவைப் பத்திரப்படுத்தும் இடத்தில் பாட்டிமார் "அடப்பாவி!" என்று கத்தியதில் மண்டபமே அதிர்ந்தது. விண்கலத்தில் மனிதர்கள் பேசத் தொடங்கியதும் ஆசிரியை தமிழில் சொன்னார், படத்தை மறைக்காமல், தேவைக்கு மட்டும். அது பெரிய திறமை.

நம் ஊருக்கு இந்தக் கதை ரொம்பப் பக்கம். மாநிலத்தின் வீட்டுக் குப்பை நம் பக்கத்துப் பூலாவ் பூரோங் குப்பைக் கிடங்கில்தான் சேர்கிறது. பினாங்குத் தீவின் குப்பைகூட அங்குள்ள பத்து மாவுங்கிலிருந்து கடல் தாண்டி வருகிறது. 2022 ஜனவரியில் அந்தக் கிடங்கு எரிந்தபோது பிறந்திருந்த குழந்தைகள் சனிக்கிழமை மடியில் உட்கார்ந்து படம் பார்த்தார்கள். அதனால்தான் இதைக் கட்டாயம் காட்ட வேண்டும் என்று நின்றோம்.

அப்புறம், திரையிட உரிமம் வாங்கும் எழுத்து வேலையை முழுக்கச் செய்த தம்பிக்கும், வெள்ளைத் துணியைத் திரையாகத் தைத்த அக்காவுக்கும், நாற்காலி தந்த, சூராவ் (சிறு தொழுகைக் கூடம்) பக்கத்து அண்டை வீட்டாருக்கும், கடலை அவித்த அம்மாமாருக்கும் நன்றி. பிளாஸ்டிக் கப் வேண்டாம் என்றதும் சிராப் (இனிப்புப் பானம்) குடிக்க வீட்டிலிருந்தே குவளை எடுத்து வந்தீர்களே, அது எங்களுக்குப் பெரிய மகிழ்ச்சி.

சரி, பெயர் வெட்டிய சில்வர் குவளைகள் சில இன்னும் மண்டபத்திலேயே இருக்கின்றன. வந்து எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளி விடுமுறையில் அடுத்த படம் போடுகிறோம், எந்தப் படம் வேண்டும் என்று பிள்ளைகளே எழுதிக் கொடுக்கட்டும்.

அன்புடன்,
ஏற்பாட்டுக் குழு