நீ தூங்கிக்கொண்டிருந்தபோது பெய்த பனி

அன்புள்ள மச்சானுக்கு,

சாயங்காலம் நாலரை மணிக்கு எழுந்து வந்து, ஈரமாகக் கிடந்த தெருவை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு "மழையா பெய்தது?" என்று கேட்டாய். "இல்லை, பனி" என்றேன். கொட்டாவி விட்டாய். நீ நம்பவில்லை என்று தெரிந்ததும் போனில் எடுத்த படத்தைக் காட்டினேன், அதிலும் எல்லாம் சாம்பல் பூசிய மாதிரிதான் இருந்தது. (படம் முழுக்க வெள்ளையாக இருந்தால் இவ்வளவு வெளிச்சம் இருக்க நியாயமில்லை என்று கேமராவே முடிவுசெய்து மங்கலாக்கிவிடும், நாம்தான் வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டிவைக்க வேண்டும். எனக்கு இது ஞாபகம் வந்தபோது பாதி கரைந்துவிட்டது.) படத்தை நம்பிப் பயனில்லை என்பதால், நீ ராத்திரி வேலை முடிந்து வந்து போர்வைக்குள் போன பிறகு என்ன நடந்தது என்று எழுதிவிடுகிறேன்.

காலை ஒன்பது மணிக்கு நிஜமாகவே மழைதான். குளிர் மழை, ஒரு டிகிரியோ ஒன்றரையோ இருக்கும், வெளியே போகவே மனம் வராத ரகம். அப்புறம் பார்த்தால் துளிகள் மெதுவாக விழத் தொடங்கின. அதைத்தான் நான் முதலில் கவனித்தேன், நிறத்தை அல்ல, வேகத்தை. பெரிய மழைத்துளி நொடிக்கு எட்டு ஒன்பது மீட்டர் வேகத்தில் வரும், பனித்திரளோ ஒன்றோ இரண்டோ மீட்டர்தான் இறங்கும். ஆகவே வானம் ஏதோ யோசித்துக்கொண்டே இறக்கிவிடுகிற மாதிரி இருந்தது. பூஜ்யத்துக்கு மேல் இருக்கும்போது எப்படிப் பனி விழுகிறது என்று நீ கேட்பாய். மேலே இருந்து வருகிற துகள்கள் கரையும்போதும் காய்ந்து ஆவியாகும்போதும் சுற்றியிருக்கும் காற்றின் சூட்டை எடுத்துக்கொள்கின்றன, முதலில் வந்தவை கரைந்து கரைந்து வழியைக் குளிரவைத்துவிட்டுப் போக, பின்னால் வருபவை முழுசாகத் தரைக்கு வந்து சேர்கின்றன. பத்து மணிக்கெல்லாம் ஒவ்வொன்றும் கோழியிறகு மாதிரி வந்துகொண்டிருந்தது.

கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே ஓடினேன். அமெரிக்காவில் வெர்மான்ட்டில் வில்சன் பென்ட்லி என்று ஒரு விவசாயி இருந்தார், 1885 ஜனவரியில் நுண்ணோக்கியோடு கேமராவைப் பொருத்தி, ஒற்றைப் பனித்துகளைப் படமெடுத்தவர், 1931இல் இறக்கும்வரை 5000க்கு மேல் எடுத்தார். மூச்சுக்காற்று பட்டால் கரைந்துவிடும் என்பதற்காக அந்த ஆள் மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலை செய்தாராம். நானும் கோட்டுக் கையை நீட்டி, மூச்சைப் பிடித்துப் பார்த்தேன். ஆறு கை நட்சத்திரம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அந்த அழகான நட்சத்திரங்கள் மேகத்தில் மைனஸ் பதினைந்து டிகிரி வாக்கில் நன்றாக வளர்பவை. பூஜ்யத்தை ஒட்டிய ஈரக்காற்றுக்குள் வந்ததும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கைகள் முறிந்து, ஓரம் கரைந்து, நூறு துகள் சேர்ந்த ஒரு பஞ்சுக் கொத்தாகத்தான் கீழே வருகின்றன. ஜப்பானில் உகிசிரோ நகாயா என்ற விஞ்ஞானி, 1936இல் முயல் முடியின் நுனியில் செயற்கைப் பனித்துகளை வளர்த்துக் காட்டியவர், பனி என்பது வானத்திலிருந்து வரும் கடிதம் என்பார், வடிவத்தைப் பார்த்தே மேலே எவ்வளவு குளிர், எவ்வளவு ஈரம் என்று படித்துவிடலாம் என்ற அர்த்தத்தில். சரி, இந்தப் பருவத்தில் நமக்கு வருவது நனைந்து மை கலைந்த கடிதம். எனக்கு அதுவே பிடித்திருந்தது.

தெருவில் விழுந்ததெல்லாம் விழுந்த உடனே தண்ணீராகிவிட்டது, அதனால் சாலை மட்டும் கறுப்பாக, புல்வெளி, மரக்கிளை, கம்பிவேலி எல்லாம் வெள்ளையாக. ஈரப்பனி ஒட்டும், அதுதான் அதன் குணம். ஒரு விரல் பருமனில்லாத கிளைமேல் மூன்று விரல் உயரத்துக்கு நின்றது. சத்தம் வேறு அடங்கிவிட்டது. புதுப்பனிக்குள் பெரும்பகுதி காற்றுதான், அந்தத் துளைகள் சத்தத்தை உறிஞ்சிவிடும், பக்கத்துத் தெருவில் போன வண்டிகூட எங்கோ போகிற மாதிரிதான் கேட்டது. உன்னை எழுப்பலாமா என்று மாடிப்படி வரைக்கும் வந்தேன். போன தடவை எழுப்பியபோது நீ பேசிய பேச்சு நினைவுக்கு வந்தது, திரும்பிவிட்டேன்.

பன்னிரண்டரைக்கு வெயில். ஜனவரி வெயிலை நினைக்காதே. பிப்ரவரி கடைசியில் சூரியன் அக்டோபர் நடுவில் நின்ற அதே உயரத்துக்கு ஏறிவிடுகிறது, குளிர்தான் பின்தங்கிக் கிடக்கிறது. ஆனாலும் வெயில் நேராகப் பனியைக் கரைக்கவில்லை, புதுப்பனி தன்மேல் விழும் வெளிச்சத்தில் எண்பது தொண்ணூறு சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். கறுப்பாக இருந்தவற்றிடம்தான் வெயில் தன் வேலையைக் காட்டியது. மரத்தண்டைச் சுற்றி ஒரு வட்டம் திறந்தது. மேலே கிடந்த ஒரு காய்ந்த இலை சூடேறி, அப்படியே கீழே இறங்கி, தன் வடிவத்திலேயே ஒரு குழி செய்துகொண்டு உட்கார்ந்தது, அதன் ஓரம் காம்பு வரைக்கும் அச்சு எடுத்த மாதிரி. கால் மணி நேரம் நான் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று சொன்னால் சிரிப்பாய், சிரித்துக்கொள்.

அப்புறம் சத்தங்கள் திரும்பின. கூரை விளிம்பிலிருந்து சொட்டு, கிளையிலிருந்து தொப் தொப்பென்று கட்டிகள், வடிகுழாய்க்குள் ஓயாத முணுமுணுப்பு. இவ்வளவு வெயிலிலும் குளிர் குறையவே இல்லை. ஒரு கிராம் பனி, சூடு ஏறாமல் வெறுமனே தண்ணீராக மாறுவதற்கே 80 கலோரி கேட்கும், அதே சூட்டைக் கரைந்த தண்ணீருக்குக் கொடுத்தால் 80 டிகிரி வரைக்கும் கொதிநிலை நோக்கிப் போய்விடும். பனி அத்தனையையும் குடித்துவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி இருந்தது.

எல்லோரும் முதல் பனியைத்தான் கொண்டாடுகிறார்கள். எனக்கு இந்தக் கடைசிப் பனிதான். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள், ஜனவரிப் பனிக்கு அந்த மரியாதை தெரியாது, வாரக்கணக்கில் தங்கி, அழுக்காகி, உப்பும் மண்வெட்டியுமாக நம்மை வேலை வாங்கிவிட்டுத்தான் போகும். இது வந்தது, உட்காரக்கூட இல்லை. நம்மிடம் இதற்குப் பொருத்தமான பெயரும் இருக்கிறது. மற்றபடி தமிழில் பனித்துளியும் பனி, மூடுபனியும் பனி, இதுவும் பனி, ஆனால் மாசிக்கும் பங்குனிக்கும் பின்பனி என்று தனியாகப் பெயர் வைத்திருக்கிறோம். அந்தப் பருவத்தைத் தொல்காப்பியர் பாலைக்கும் உரியது என்கிறார், அதாவது பிரிவுக்கு. ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் முகம் பார்த்துக்கொள்ளும் நம் இரண்டு பேருக்கும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

ஆதாரம் வேண்டுமென்றால் வீட்டின் பின்பக்கம் போய்ப் பார். புல் எல்லாம் பச்சையாகிவிட்டது, ஆனால் காலையில் நான் நடந்த இடத்தில் மிதிபட்டு இறுகிய பனி மட்டும் இன்னும் கரையாமல் மேடுமேடாக நிற்கிறது, என் காலடிகள் உன் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று திரும்பிப் போவதைப் பார்க்கலாம். இருட்டுவதற்குள் போ. ராத்திரி மறுபடியும் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கப்போகிறது, கரைந்த தண்ணீரெல்லாம் வாசல் படியில் கண்ணாடி மாதிரி உறைந்து கிடக்கும், பார்த்தால் ஈரம் என்றுதான் தோன்றும். வேலைக்குக் கிளம்பும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கு.

உன்,
கீழ் அறைக்காரன்