மம்மி றோல்ஸ் பற்றியும் இந்த வருட ஹலோவீன் ஓர்டர்கள் பற்றியும்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

நவராத்திரி முடிந்த கையோடு எழுதியிருக்க வேண்டிய மடல் இது. ஓவனுக்கு முன்னால் நிற்கிறவனுக்கு எழுத நேரம் கிடைப்பதில்லை. போன கிழமை ஒரு வட்ஸ்அப் குரல் பதிவு ரொறன்ரோவின் ஸ்காபரோ முழுக்கச் சுற்றிவிட்டு என் மனைவியின் போனுக்கே வந்து சேர்ந்தது. அனுப்பியவர் வருடக்கணக்காக எங்களிடம் பாண் வாங்குகிறவர். "அண்ணை, இது உங்கட கடையோ?" என்று கேட்டிருந்தார். எங்கள் கடைதான். அதனால் ஹலோவீன் விலைப் பட்டியலுக்கு முன்னால் இதைச் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பதிவில் சொன்னது இதுதான்: போன வருட ஹலோவீனுக்கு நாங்கள் விற்ற மம்மி றோல்ஸ் (துணி சுற்றிய எகிப்திய மம்மி மாதிரிப் பேஸ்ட்ரி நாடா சுற்றியது), தீபாவளிக்கு விலைப்படாமல் மிஞ்சிய மட்டன் றோல்ஸாம். அதன்மேல் பேஸ்ட்ரியைச் சுற்றி, கண் வைத்து, காசைக் கூட்டி விற்றோமாம்.

கலண்டரைப் பாருங்கள். 2024இல் தீபாவளியும் ஹலோவீனும் ஒரே நாள், ஒக்ரோபர் 31, வியாழக்கிழமை. அன்று காலை ஆறு மணிக்கே வாசலில் ஆட்கள் நின்றார்கள். ஒரு பக்கம் முறுக்கு, லட்டு, தீபாவளிக்கு ஆட்டிறைச்சிக் கறியோடு சாப்பிட இடியப்பப் பார்சல். மறுபக்கம் சிலந்தி கேக், சூனியக்காரி விரல். இரண்டு மணிக்குக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு றோல்ஸ் இல்லை. என் மகனுக்கே எடுத்து வைக்க முடியவில்லை. மிஞ்சினால்தானே சுற்றி விற்க?

அதோடு, சமையல் தெரிந்தவர்கள் யோசித்துப் பாருங்கள். றோல்ஸ் என்பது மெல்லிய அப்பத்தில் கறியை மடித்து, மாக்கரைசலில் தோய்த்து, பாண் தூளில் உருட்டி, எண்ணெயில் பொரிப்பது. பொரித்த றோல்ஸின்மேல் பேஸ்ட்ரியைச் சுற்றி ஓவனில் வைத்தால், உள்ளே இருக்கிற எண்ணெய் கசிந்து பேஸ்ட்ரியை ஊறவைத்துவிடும். அது மேலெழும்பவே மாட்டாது. மம்மிக்கு அப்பமும் இல்லை, பாண் தூளும் இல்லை. கறியை இரவே வற்ற விட்டு, குளிரூட்டியில் வைத்து நன்றாக ஆறிய பிறகுதான் எடுப்போம். சூடு கொஞ்சம் இருந்தாலும் பேஸ்ட்ரிக்குள் இருக்கிற பட்டர் இளகிவிடும். பிறகு பேஸ்ட்ரியைச் சுண்டுவிரல் அகல நாடாக்களாக வெட்டி, கோணல்மாணலாகச் சுற்றி, முகம் இருக்கிற இடத்தில் ஒரு இடைவெளி விட்டு, 400 பாகை பரனைற்றில் இருபது, இருபத்திரண்டு நிமிடம். வெளியே வந்த பிறகுதான் கறுப்பு ஒலிவ் துண்டில் கண். நேராகச் சுற்றினால் காயத்துக்குக் கட்டுப்போட்ட மாதிரி இருக்கும்; கோணலாகச் சுற்றினால்தான் பேய் தெரியும். ஒன்றுக்கு ஒன்றரை நிமிடம் போகிறது. போன வருடம் நானூற்றுச் சொச்சம் சுற்றினோம்.

கறி மட்டும் றோல்ஸுக்கு வைக்கிற அதே கறிதான், அதே சட்டிதான். அதை எப்போதாவது மறைத்தேனா? நல்ல கறி என்பதால்தான் அது.

சிலருக்கு அடிப்பக்கம் நமுத்துப் போனது உண்மை. பகல் பதினொரு மணிக்குச் சூட்டோடு எடுத்து, மூடி போட்டு, இரவு ஏழு மணிவரை கார் டிக்கிக்குள் வைத்தால் எந்தப் பேஸ்ட்ரியும் நமுக்கும். யாரையும் குறை சொல்லவில்லை. அன்று எல்லாருக்கும் வேலை, கோயில், பிள்ளைகளின் வேடம். ஆனாலும் "பழசு" என்று சொன்னது சுட்டுவிட்டது. இந்த வருடம் பெட்டி மூடியில் துளை போட்டுத் தருகிறோம். வீட்டில் 350 பாகையில் பத்து நிமிடம் வையுங்கள். மைக்ரோவேவ் வேண்டாம்.

இனி இந்த வருடத்துக்கு, 2025க்கு, வருகிறேன். தீபாவளி ஒக்ரோபர் 20ஆம் திகதியே முடிந்துவிடுகிறது, 22இலிருந்து 27வரை கந்தசஷ்டி விரதம். ஹலோவீன் வெள்ளிக்கிழமை. எங்கள் வீடுகளில் பாதிக்கு மேல் வெள்ளிக்கிழமை மச்சம் (மீன், இறைச்சி) இல்லை என்று தெரியும். "பிள்ளைகள் பார்ட்டி கேட்கிறார்கள், அம்மம்மா வெள்ளிக்கிழமை என்கிறா" என்று இதுவரை ஏழெட்டுப் பேர் கேட்டுவிட்டார்கள். அதனால் சைவ மம்மி செய்கிறோம். உள்ளே பிஞ்சுப் பலாக்காய்ப் பிரட்டல், மேலே முட்டைக்குப் பதில் பால் பூச்சு, தனித் தட்டு, தனி நேரம். பலாக்காயைப் பிய்த்துப் பிரட்டினால் நார்நாராக இறைச்சி மாதிரியே இருக்கும். சொல்லாமல் கொடுத்துப் பார்த்தோம், கடைக்கு வந்த இரண்டு பெடியள் மட்டன் என்றே நினைத்தார்கள்.

கடையில் வாங்காமல் வீட்டில் செய்யக்கூடியதையும் சொல்கிறேன், ஏனென்றால் கேட்கிறீர்கள். கொக்கிஸ் அச்சு, அதாவது அச்சு முறுக்கு அச்சு, வீட்டில் இருந்தால் அதைவிடச் சிலந்தி வலை வேண்டாம். கறுப்புத் தட்டில் வையுங்கள், போதும். பீற்றூட் சாற்றில் குழைத்த மாவில் இடியப்பம் பிழிந்து சின்னக் கிண்ணத்தில் கவிழ்த்தால் மூளை. மீன் கட்லற்றை உருண்டையாகப் பிடித்து நடுவில் ஒலிவ் வளையம் அமுக்கினால் கண். பலூடாவில் போடுகிற கசகசா (சப்ஜா விதை) தண்ணீரில் ஊறிப் பளபளவென்று வந்ததும் பிள்ளைகளுக்குத் தவளை முட்டை என்று சொல்லுங்கள். அன்றைக்குத்தான் எங்கள் வீட்டில் பலூடா முழுக்கக் குடித்து முடிந்தது.

இருபது பிள்ளைகளுக்கு இரத்தப் பஞ்ச் என்றால் நான்கு லீற்றர் போதும். மூன்று லீற்றர் நெக்டோ (இலங்கைச் சிவப்புச் சோடா), ஒரு லீற்றர் மாதுளஞ்சாறு, இரண்டு தேசிக்காய். டின் லிச்சியின் குழிக்குள் ஒரு புளுபெரியைச் செருகி மிதக்க விட்டால் கிண்ணம் உங்களையே பார்க்கும். மா பூசாத புதுக் கையுறையை நன்றாகக் கழுவி, தண்ணீர் நிரப்பி, விரல் மடங்காமல் படுக்கவைத்து இரவு முழுக்க உறைய விட்டால் ஐஸ் கை கிடைக்கும். கையுறையைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுங்கள். இழுத்தால் விரல் உடையும். எங்களுக்குப் போன வருடம் மூன்று விரலோடுதான் ஒரு கை வந்தது. அதுதான் எல்லாருக்கும் பிடித்தது.

உலர் பனிக்கட்டி, அதாவது புகை வருகிற ஐஸ், இந்த வருடம் தருவதில்லை. அது உறைந்த கரியமில வாயு, மைனஸ் 78 பாகை செல்சியஸ். தொட்டால் தோல் கருகும், விழுங்கினால் பெரிய ஆபத்து. வேறெங்காவது வாங்கினால் பெரிய பாத்திரத்தில் அதைப் போட்டு, அதற்குள் பஞ்ச் கிண்ணத்தை வையுங்கள். குடிக்கிற கோப்பைக்குள் வேண்டாம். மூடிய போத்தலில் அடைக்கவே கூடாது, வெடிக்கும். காரில் கொண்டுபோகையில் கண்ணாடியைத் திறந்து விடுங்கள். பெரியவர்களின் கிண்ணத்தில் நீங்கள் எதைக் கலப்பீர்களோ அது உங்கள் பாடு. எங்களிடம் லைசென்ஸ் இல்லை, நான் எதையும் பார்க்கவும் இல்லை. பிள்ளைகளின் கிண்ணத்துக்கும் அதற்கும் நிறத்தை மட்டும் மாற்றி வையுங்கள்.

பூசணி வட்டிலப்பம் உண்டா என்று கேட்டவர்களுக்கு: உண்டு, முட்டை சேர்ந்தது, வெள்ளிக்கிழமைக்காரர் கவனிக்கவும். வீட்டில் செய்வதானால் வாசலில் முகம் வெட்டி வைக்கிற பெரிய பூசணி சரிவராது. அது தண்ணீரும் நாரும். கடையில் பை பூசணி (pie pumpkin) என்று சின்னதாக உருண்டையாக இருக்கும், அதை அவித்து மசித்து ஒரு கோப்பை. பத்து முட்டை, அரைக்கிலோ கித்துள் கருப்பட்டி, ஒரு டின் தேங்காய்ப்பால், ஏலம், சாதிக்காய். மெல்லிய ஆவியில் முக்கால் மணி நேரம். காசு கொடுத்து வாங்குகிற பம்ப்கின் ஸ்பைஸில் பெயரில்தான் பூசணி. உள்ளே இருப்பது கறுவா, இஞ்சி, சாதிக்காய், கராம்பு. நம் குசினித் தட்டில் இல்லாததா?

பேய்க்குப் பலகாரம் செய்கிறீர்களே என்று கோபித்துக்கொண்ட ஐயாவுக்கும் ஒரு சொல். நாங்கள் கடை திறந்த நாளில் வாசலில் நீற்றுப்பூசணிக்காய்க்குள் குங்குமம் போட்டு உடைத்தது கண்ணூறு கழிக்கத்தானே. அயர்லாந்துக்காரர் முள்ளங்கி மாதிரி ஒரு கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தார்கள், இங்கே வந்ததும் அது பூசணியானது. பிள்ளைகள் பள்ளியில் பார்த்ததைக் கேட்கிறார்கள், ஐயா.

இரவுச் சாப்பாட்டு நேரத்தையும் யோசியுங்கள். ஆறு மணி தாண்ட இருண்டுவிடும், பிள்ளைகள் மிட்டாய்ப் பையோடு வீதிக்கு ஓடுவார்கள். திரும்பி வந்தால் சொக்லேற்றைத் தவிர எதையும் தொடமாட்டார்கள். ஐந்து மணிக்கு முதல் வயிறு நிரப்புங்கள். பிள்ளைக்கு இரண்டு மம்மி, பெரியவருக்கு மூன்று என்று கணக்குப் போட்டால் மிஞ்சாது.

எங்கள் றோல்ஸ் அக்காவை உங்கள் எல்லாருக்கும் தெரியும். ஒன்பது வருடம் அந்த மேசையில் நின்றவர், ஓகஸ்டில் மகளின் பிரசவத்துக்கு எட்மன்டன் போனார். பேரனைப் பார்த்தவர் இனி வரப்போவதில்லை. சந்தோசமான விசயம், ஆனால் எங்களுக்குக் கை ஒடிந்த மாதிரி. இப்போது என் மனைவியும் புதிதாக வந்த தம்பி ஒருவரும்தான் சுற்றுகிறார்கள். தம்பியின் மம்மிகள் கொஞ்சம் குண்டு. அதனால் இந்த முறை மொத்தம் முந்நூறோடு நிறுத்துகிறோம்.

விலை கூடியிருக்கிறது. கொக்கோ 2024 டிசம்பரில் டன் 12,000 அமெரிக்க டொலரைத் தாண்டியது. கானாவிலும் ஐவரி கோஸ்ற்றிலும் விளைச்சல் கெட்டதால். பிறகு இறங்கியது என்று செய்தியில் சொல்கிறார்கள், எங்களுக்குச் சாமான் தருகிறவர் அந்தச் செய்தி பார்ப்பதில்லை போல. ஒன்ராறியோவில் குறைந்தபட்சச் சம்பளமும் 2025 ஒக்ரோபர் 1ஆம் திகதி மணிக்கு 17.20 டொலரிலிருந்து 17.60 ஆனது. வேலை செய்கிறவர்களுக்கு அது கிடைக்கத்தான் வேண்டும். கல்லறைக் கேக் 38இலிருந்து 45 டொலர், மம்மி ஒன்று இரண்டரை டொலர். பாண் விலையில் கை வைக்கவில்லை.

சூனியக்காரி விரல் பிஸ்கற்றில் நகமாக வைத்த பாதாமுக்குப் போன வருடம் சில பெட்டிகளில் நட்ஸ் ஸ்ரிக்கர் ஒட்டாமல் போய்விட்டது. எங்கள் பிழை, மன்னிக்கவும், இந்த வருடம் நகம் பூசணி விதை. ஆனால் அதே குசினியில்தான் பாதாமும் கச்சானும் (நிலக்கடலை) எள்ளும் புழங்குகின்றன. ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கோ பள்ளிக்கோ எங்கள் பிஸ்கற்றைக் கொடுக்க வேண்டாம்.

ஓர்டர் 26ஆம் திகதி ஞாயிறு மாலையோடு முடியும். பாதிக் காசு முன்கூட்டி, திருப்பித் தருவதில்லை. டெலிவரி இல்லை.

அந்தக் குரல் பதிவைக் கேட்டுவிட்டுக் கடைக்கு வந்து, ஒன்றும் சொல்லாமல் இரண்டு டசின் றோல்ஸ் வாங்கிக்கொண்டு போனவர்கள் இருக்கிறீர்கள். ஏன் வாங்கினீர்கள் என்று எனக்குத் தெரியும். பனி கொட்டிய நாட்களில் கதவு திறக்குமுன் வந்து நின்றவர்களும் நீங்கள்தான். உங்களை நம்பித்தான் இந்த அடுப்பு எரிகிறது, மிக்க நன்றி.

அன்புடன்,
உங்கள் கடை அண்ணை

பி.கு.: போன வருடம் பஞ்சுக்கு இரவல் கொடுத்த பெரிய கண்ணாடிக் கிண்ணங்கள் இரண்டு இன்னும் திரும்பி வரவில்லை. ஒன்றின் விளிம்பில் சின்ன உடைவு இருக்கும், அது முதலே இருந்தது. யாரும் ஒன்றும் கேட்கமாட்டோம், வாசலில் வைத்துவிட்டுப் போனாலும் போதும்.